6,000 ரூபாய் ஸ்கூல் டூர்: தீவுக்கு அனுப்புங்க, ஆனா கிளாஸ்ல யாரையும் விட்டுட்டு வேண்டாம்



வரிச் சலுகை பத்தின வீடியோவுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா விடவே இல்ல. நம்ம ஊர் தம்பி ஒருத்தர் அனுப்பினது.

"சார், நான் சென்னையில ஐ.டி. வேலை. சொந்த ஊர் திருவண்ணாமலை. தம்பி ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல்ல கொச்சி பக்கத்துல கும்பளங்கின்னு ஒரு தீவு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். லாட்ஜ் கிடையாது, அந்த ஊர்க்காரங்க வீட்லயே ரெண்டு ராத்திரி தங்கணுமாம். 6,000 ரூபாய். அப்பா என்னைத்தான் கட்டச் சொல்றார். அதே காசுக்கு தீம் பார்க் போயிட்டு வரலாமே? சரி, கட்டினா 80சி-ல கழிவு கிடைக்குமா?"

முதல்ல வரிக்கு பதில் சொல்லிடறேன். கிடைக்காது. 80சி-ல வர்றது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். அதுவும் சொந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு, பழைய வரிமுறையில. டூர், பஸ், யூனிஃபார்ம், நன்கொடை எதுவும் வராது. தம்பி, தங்கச்சிக்குக் கட்டற ஃபீஸும் வராது. எல்.டி.ஏ.-ல காட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க. உங்களைச் சார்ந்திருக்கிற தம்பி அதுல குடும்பக் கணக்குல வருவார், ஆனா நீங்களும் கூடப் பயணம் பண்ணியிருக்கணும். ஸ்கூல் டூருக்கு அது பொருந்தாது.

வரி முடிஞ்சுது. இப்ப என் கருத்து: கட்டுங்க. ஆனா கட்டறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. "உன் கிளாஸ்ல எத்தனை பேர் வரல?"

ஏன் இதைக் கேக்கச் சொல்றேன்னு புரியணும்னா என் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

ஏழு பேர், ஏழு காரணம்

2003. நானும் ஒன்பதாவதுதான். ஊட்டி, மைசூர், மூணு நாள் டூர், 650 ரூபாய். அப்பா ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதிட்டு இருந்தார். மாசச் சம்பளம் 2,200. நான் வீட்ல கேக்கவே இல்ல. வாத்தியார்கிட்ட "தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல சார்"னு சொன்னேன். தாத்தா காலமாகி அப்போ நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மூணு நாளும் கிளாஸ்ல ஏழு பேர் உக்காந்திருந்தோம். ஒருத்தனுக்கு பஸ்ல வாந்தி வருமாம். ஒருத்தன் அக்காவுக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்களாம். ஒருத்தனுக்கு ஊட்டி குளிரு ஆகாதாம். ஏழு பேர் ஏழு காரணம் சொன்னோம். உண்மையான காரணம் ஒண்ணுதான், அது ஏழு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல.

எங்க அப்பாகிட்ட 650 ரூபாய் இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரே வாரத்துல கட்டச் சொன்னதுதான் பிரச்சினை. மாசம் 55 ரூபாய்னு வருஷம் பூரா கேட்டிருந்தா அவர் கட்டியிருப்பார். இது எனக்கு சி.ஏ. படிச்சப்பதான் உறைச்சுது. பெரிய தொகை ஏழையைப் பயமுறுத்தறதுக்கு அதோட அளவு பாதிக் காரணம், மீதிப் பாதி அது திடீர்னு வந்து நிக்கறதுதான்.

நம்ம ஊர்க்காரனுக்கு இது ஏன் முக்கியம்

தீம் பார்க்கை நான் குறை சொல்லல. ஜாலியா இருக்கும், போகட்டும். ஆனா திருவண்ணாமலைப் பிள்ளைங்களுக்கு ஹோம்ஸ்டே டூர்ல கிடைக்கிற பாடம் வேற எதுலயும் கிடைக்காதுன்னு நினைக்கிறேன்.

நாம பொறந்ததுல இருந்து விருந்தாளியைப் பார்த்து வளர்ந்தவங்க. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைஞ்சு வழியுது. தீபத்துக்குக் கேக்கவே வேண்டாம். தண்ணி பாட்டில்ல இருந்து ரூம் வாடகை வரைக்கும் ஊர் முழுக்க அந்த வருமானத்தை நம்பி இருக்கு. 2020-ல கொரோனாவுக்காக கிரிவலத்தை நிறுத்தினப்போ எத்தனை வீட்ல அடுப்பு தடுமாறிச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க வீட்லயும் தீபத்துக்கு முன் அறையை ஒரு ஆந்திரா குடும்பத்துக்கு விடுவோம். தலைக்கு 50 ரூபாய், காலையில பொங்கல். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்க அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனா அந்தம்மா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வெப்பாங்க. பூ கட்ட உக்காந்துக்குவாங்க. கிளம்பும்போது அறையைப் பெருக்கிட்டுப் போவாங்க. அடுத்த வருஷம் வேற ஒரு குடும்பம் ரெண்டு மடங்கு காசு தர்றேன்னு வந்தப்போ அம்மா "அறை இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. அவங்க வருவாங்கன்னு வெச்சிருந்தாங்க.

காசு குடுத்துட்டா கஸ்டமர். குடுத்ததுக்கு அப்புறமும் விருந்தாளியா நடந்துக்கத் தெரிஞ்சா அது வேற விஷயம். நம்ம பசங்க எப்பவும் வீட்டுக்காரன் பக்கம்தான் நின்னிருக்காங்க. ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பார்க்கட்டும். இன்னொருத்தர் வீட்ல, அவங்க நேரத்துக்கு எழுந்து, அவங்க போடறதைச் சாப்பிட்டு, அவங்க வேலையில கை குடுத்துப் பார்க்கட்டும்.

கும்பளங்கியில என்ன இருக்கு?

2019-ல வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம் பார்த்திருப்பீங்க. அதே ஊர்தான். படத்துலயே பேபி வீட்ல ஹோம்ஸ்டே நடத்துவாங்க. கொச்சிக்குப் பக்கத்துல காயலுக்கு நடுவுல இருக்கிற கிராமம். 2003-ல மாதிரி சுற்றுலா கிராமமா மாத்தற திட்டத்தை அங்க ஆரம்பிச்சாங்க. பெரிய ரிசார்ட் கட்டாம, ஊர்க்காரங்க வீட்லயே விருந்தினரைத் தங்க வைக்கிறதுதான் அதோட அடிப்படை.

அங்க பசங்க பார்க்கக்கூடிய ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன்: பொக்காளி. உப்புத் தண்ணியைத் தாங்கி வளர்ற நெல், புவிசார் குறியீடு வாங்கினது. மழைக்காலத்துல காயல் தண்ணியில உப்பு குறையும், அப்போ நெல். அறுவடை முடிஞ்சு நவம்பர் வாக்குல உப்பு ஏறினதும் அதே வயல்ல ஏப்ரல் வரைக்கும் இறால். நெல்லோட மிச்சம் இறாலுக்குத் தீனி, இறால் விட்டுப்போறது அடுத்த நெல்லுக்கு உரம். ஒரே நிலம், ரெண்டு வருமானம். டைவர்சிஃபிகேஷன் பத்தி நான் எத்தனை வீடியோ போட்டாலும் இந்த வயலோட வரப்புல ஒரு மணி நேரம் நின்ன மாதிரி ஆகாது. நம்ம பக்கம் மணிலா போட்டு மழைக்காக வானத்தைப் பார்க்கிற வீட்டுப் பையனுக்கு இது சட்டுனு புரியும்.

போறதும் கஷ்டம் இல்ல. இங்கிருந்து காட்பாடி, அங்க ராத்திரி ரயில் ஏறினா காலையில எர்ணாகுளம். மொழியும் பெரிய தடை இல்ல. நம்ம பையன் தமிழ்ல கேட்டா அந்த வீட்டு அம்மச்சிக்குப் பாதி புரியும், மீதிக்குக் கை இருக்கு.

6,000 ரூபாய் எங்க போகுது?

இப்ப நம்ம வேலைக்கு வருவோம். கீழே இருக்கிறது என்னோட உத்தேசக் கணக்கு. உங்க ஸ்கூல் தர்ற பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒரு மாணவருக்கு:
- ரயில், பஸ் (போக வர): 1,500
- ரெண்டு ராத்திரி தங்கல், சாப்பாடு: 2,400
- படகு, மீன்பிடி, கயிறு திரிக்கிற இடம்: 800
- கூட வர்ற ஆசிரியர்கள் செலவுல பங்கு: 600
- இன்சூரன்ஸ், மருந்து, அவசரத்துக்கு: 700

இதுல தங்கலும் படகும் சேர்த்து 3,200 ரூபாய், அதாவது பாதிக்கு மேல, அந்தக் கிராமத்துலயே நிக்குது. அதுவும் இடையில யாரும் இல்லாதப்போ மட்டும்.

ஒரு வீட்ல நாலு பசங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு ராத்திரிக்கு 9,600 வருது. சாப்பாட்டுச் சாமான், கரண்ட், துணி துவைக்கிறது எல்லாம் சேர்த்து 4,000 போச்சுன்னா மிச்சம் 5,600. அந்த வீட்ல ரெண்டு பேர் ரெண்டு நாள் முழுசா உழைக்கிறாங்க. ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு 1,400 ரூபாய். நியாயமான கூலி.

இடையில ஒரு ஏஜென்ட் வந்து 9,600-ல 30% எடுத்தா? 2,880 போயிடும். மிச்சம் 2,720. கூலி நாளுக்கு 680. கமிஷன் 30%தான், ஆனா அந்த அம்மாவோட வருமானம் பாதிக்கு மேல காலி. ஏன்னா அரிசி, மீன் விலை ஏஜென்ட்டுக்காகக் குறையாது. லாபத்துல இருந்துதான் கமிஷன் போகும். இந்தக் கணக்கை நம்ம ஊர்ல ரூம் விடறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, உடனே தலையாட்டுவாங்க.

ஏஜென்ட்டே கூடாதுன்னு சொல்லல. நாப்பது பசங்களைப் பிரிச்சு அனுப்பி, ஏதாவது ஆச்சுன்னா ஓடி வர ஆள் வேணும், அந்த வேலைக்குக் கூலியும் வேணும். ஆனா எவ்வளவுன்னு தெரியணும். "ஒரு வீட்டுக்கு எவ்வளவு தர்றீங்க?"ன்னு கேக்க பெற்றோருக்கு உரிமை இருக்கு. இன்னொண்ணு, வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருக்கிற குடும்பம் நேரடியா பணம் வாங்கினா ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. அப்படிப்பட்ட வீட்டோட பேர்ல ஜி.எஸ்.டி. போட்டு பில் வந்தா பதிவு எண்ணைக் கேளுங்க.

ஜப்பான்ல எப்படிப் பண்றாங்க?

இந்த மாதிரி டூரை ரொம்ப வருஷமா நடத்தற ஒரு தீவு இருக்கு. ஒகினாவா பக்கத்துல இயே. மோட்டோபு துறைமுகத்துல இருந்து கப்பல்ல அரை மணி நேரம். மக்கள் சில ஆயிரம் பேர்தான். தட்டையான தீவுக்கு நடுவுல ஒரே ஒரு மலை துருத்திக்கிட்டு நிக்கும், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். 172 மீட்டர். நம்ம மலையில அஞ்சுல ஒரு பங்குதான், ஆனா படத்தைப் பார்த்தப்போ எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்துது. 1945 ஏப்ரல்ல போர்ல சின்னாபின்னமான தீவு அது.

2000-களின் தொடக்கத்துல இருந்து ஜப்பான் முழுக்க இருக்கிற பள்ளிகள் அங்க பசங்களை அனுப்புது. சின்னச் சின்ன குழுவா வீடுகள்ல தங்கி, கரும்பு வெட்டி, மீன் பிடிச்சு, சமைச்சு, போர்க்காலக் கதையைக் கேட்டுட்டுத் திரும்பறாங்க. தீவோட வருமானத்துல அது ஒரு முக்கியப் பங்கு ஆயிடுச்சு. 2020-ல கொரோனா வந்து பள்ளிப் பயணங்கள் நின்னப்போ அடி வாங்கினதும் அதனாலதான். ஒரே வருமானத்தை நம்பறதுல இருக்கிற ஆபத்து அங்கயும் இதே கதைதான்.

எனக்கு இதுல பிடிச்சது பணம் கட்டற முறை. ஜப்பான் பள்ளிகள்ல டூர் பணத்தை ஒரே தடவையா கேக்கறது வழக்கம் இல்ல. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முன்னாடியே மாசாமாசம் சேமிப்பா வாங்க ஆரம்பிச்சிடுவாங்க. நம்ம ஆர்.டி. மாதிரி. கட்டாயக் கல்வி வயசுல இருக்கிற பிள்ளையோட குடும்பத்துக்கு வருமானம் குறைவுன்னா, உள்ளாட்சி தர்ற பள்ளிச் செலவு உதவியில இந்த டூர் செலவும் உண்டு. டூரை அவங்க கூடுதல் சந்தோஷமா பார்க்கல, பாடத்துல ஒரு பகுதியா பார்க்கறாங்க. பாடத்துல இருந்து ஏழு பேரை வெளிய உக்கார வைக்க முடியாதுல்ல?

88 ரூபாய் கணக்கு

உங்க தம்பி கிளாஸ்ல 40 பேர்னு வெச்சுக்குவோம். 6 பேரால கட்ட முடியல. தேவை 36,000 ரூபாய். இதை மத்த 34 பேர் பகிர்ந்துகிட்டா ஆளுக்கு 1,059. கேக்கும்போது கசக்கும். 12 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 88 ரூபாய். அதாவது 500-க்கு பதிலா மாசம் 588. ரெண்டு செட் பரோட்டா விலை.

பெற்றோர் தலையில ஏத்த வேண்டாம்னு நினைச்சா இன்னொரு வழி. அந்த ஸ்கூல்ல படிச்சு இப்ப வேலையில இருக்கிற 20 பேர், மாசம் 150 ரூபாய். 20 பேருக்கு மாசம் 3,000, வருஷம் 36,000. அதே தொகை. நீங்க பார்க்காமலே மாசாமாசம் அக்கவுன்ட்ல இருந்து போயிட்டிருக்கிற ஓ.டி.டி. சந்தா ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்தக் காசு போதும்.

பணத்தை யாரோட சொந்த யு.பி.ஐ.க்கும் அனுப்பாதீங்க. பெற்றோர் ஆசிரியர் கழகம் அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவோட வங்கிக் கணக்குல போடுங்க, ரசீது வாங்குங்க. யாருக்காகக் கட்டினீங்கன்னு அந்தப் பையனுக்கும் தெரிய வேண்டாம், உங்களுக்கும் தெரிய வேண்டாம். தலைமையாசிரியருக்குத் தெரிஞ்சா போதும். "ஏழை மாணவர் நிதி"ன்னு பேர் வெச்சா என்னை மாதிரி பசங்க திரும்பவும் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் சொல்வாங்க.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கவனத்துக்கு ஒண்ணு: கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்ல இரண்டாம் வகுப்புக் கட்டணத்துல 75% சலுகை இருக்கு. முன்கூட்டியே எழுதி வாங்கணும். பல பேர் கேக்கறதே இல்ல.

கட்டறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. வீடு பதிவு பெற்றதா? கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டைமண்ட், கோல்டு, சில்வர்னு தரம் பிரிச்சிருக்கு. குடும்பம் அங்கேயே குடியிருக்கணும், ஆறு அறைக்கு மேல இருக்கக்கூடாது. குடும்பமே இல்லாத வீடு வெறும் லாட்ஜ்தான்.

2. ஒரு வீட்ல எத்தனை பேர்? தனியா ஒரு பிள்ளையை எந்த வீட்லயும் விடக்கூடாது. பொண்ணுங்க தங்கற வீடுகளுக்கு நடந்து போற தூரத்துல ஒரு ஆசிரியை தங்கணும்.

3. படகுல ஏறும்போது ஒவ்வொருத்தருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? 2023 மே 7-ம் தேதி கேரளாவுல தானூர்ல அளவுக்கு மீறி ஆள் ஏத்தின படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க, குழந்தைகள் உட்பட. இதுல கூச்சப்படாம கேளுங்க. பதில் வழவழன்னு இருந்தா பணம் கட்டாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழைக்காலத்தையும் தவிர்க்கச் சொல்லுங்க.

4. ஒரே நேரத்துல எத்தனை பேர் போறாங்க? நூறு பேரை ஒரு சின்ன ஊர்ல இறக்கினா அது திருவிழா, ஹோம்ஸ்டே இல்ல. வெளியூர்க்காரங்களுக்காக வாடகை ஏறி, உள்ளூர்க்காரன் நகர்ந்து போற கதையை ரமணாசிரமம் பக்கம் சீசன்ல நாமளே பார்க்கறோம். அந்த ஊருக்கு அதை நாம செய்ய வேண்டாம்.

கடைசியா

அந்தத் தம்பிக்கு நான் இப்படித்தான் பதில் எழுதினேன்: "வரிச் சலுகை இல்ல. ஆனா கட்டுங்க. கிளாஸ்ல எத்தனை பேர் வரலன்னு கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் பதில் வந்துது. "அஞ்சு பேர் சார். ஒருத்தனுக்கு வீட்ல விசேஷமாம். ஒருத்தனுக்குத் தண்ணின்னா பயமாம்..."

மீதி மூணு காரணத்தையும் படிச்சேன். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச காரணங்கள்தான். முதல் மாச 150 ரூபாயை நான் போட்டுட்டேன். இன்னும் 19 பேர் வேணும், உங்க ஸ்கூலுக்கும் இதே கணக்குதான். அந்த ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் இன்னும் உங்க போன்ல மியூட்லதான் இருக்கும். இன்னைக்கு ராத்திரி அதைத் திறந்து கேட்டுப் பாருங்க.